பச்சை நட்சத்திரமும் பசி மைலும்

எங்கம்மா சித்தாளு. ஒரு வீடு கட்டி முடியிற வரைக்கும் அந்த வீட்டில் அவங்க கால் படாத இடம் கிடையாது. அடுப்படியில் மண் கொட்டியிருக்காங்க. பூசையறையில் செங்கல் இறக்கியிருக்காங்க. கிரகப்பிரவேசம் முடிஞ்ச மறுநாள் பாக்கிக் கூலி கேட்டுப் போனால் படிக்குக் கீழேதான் நிக்கணும். அப்போது எனக்கு எட்டு வயசிருக்கும். கட்டடத்தை வாசிக்க நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. பின்னாளில் எம்.ஏ. தமிழ் படித்தபோது மாடமாளிகை, கூடகோபுரம் என்று பக்கம் பக்கமாக வர்ணனை படித்தேன். நான் படித்த எந்த வர்ணனையிலும் மண் சுமந்தவள் வரவில்லை.

அதனால் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் எனக்கு இரண்டு கேள்விதான் வருகிறது. இதற்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள்? இப்போது அவர்கள் எங்கே நிற்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளோடு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்துத் துறைமுகக் கரையில் எழுந்திருக்கும் சில அலுவலகக் கட்டடங்களை வாசித்துப் பார்க்கிறேன்.

'தலித் பத்திரிகையில் வெள்ளைக்காரன் ஊர் ஆபீசுக்கு என்னய்யா வேலை?' என்று தோழர்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது. 'பசுமைக் கட்டடம்' என்ற சொல் நம்ம ஊருக்கும் வந்தாச்சு. சான்றிதழோடு வந்திருக்கிறது. தூய்மை பேசிக்கொண்டு வரும் எந்தச் சொல்லையும் மோந்து பார்க்காமல் நாம் உள்ளே விடக்கூடாது. சுத்தம் என்ற ஒரு சொல்லாலேயே ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் நாம். நான் சிட்னிக்குப் போனதில்லை. வரைபடம், புகைப்படம், அரசு அறிவிப்பு, அந்த ஊர் வரலாற்றாசிரியர்கள் எழுதியவை இவற்றை வைத்துத்தான் பேசுகிறேன்.

*

சிட்னி நகரின் மேற்கு விளிம்பில் டார்லிங் துறைமுகத்தை ஒட்டி 22 ஹெக்டேர் நிலம். அதன் இன்றைய பெயர் பாரங்காரு. 2000களின் நடுப்பகுதி வரை அது கன்டெய்னர் இறக்குகிற வெறும் சிமெண்டுத் தரை. இன்று அதன் தென்பகுதியில் மூன்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. ரிச்சர்ட் ரோஜர்ஸின் லண்டன் நிறுவனம் வடிவமைத்து 2015, 2016 ஆண்டுகளில் முடிந்தவை. இவற்றில் குடியேறியவை வங்கிகள், தணிக்கை நிறுவனங்கள், சட்ட நிறுவனங்கள். பக்கத்திலேயே சானஸ் என்ற சிட்னி நிறுவனம் வடிவமைத்த இரண்டு மரக் கட்டடங்கள். 2017இல் இன்டர்நேஷனல் ஹவுஸ், 2019இல் தாராமு ஹவுஸ்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுவோம். கோபுரங்களைக் குளிர வைக்கக் கடல்நீரைப் பயன்படுத்துகிறார்கள். நிலத்தடியில் ஒரு பொது நிலையம். வெப்பத்தைத் துறைமுக நீர் வாங்கிக்கொள்கிறது. அதனால் மொட்டை மாடியில் குளிரூட்டும் கோபுரங்கள் தேவைப்படவில்லை, அவை குடிக்கிற நல்ல தண்ணீர் மிச்சம். கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்த ஏற்பாடு இருக்கிறது. இன்டர்நேஷனல் ஹவுஸ் தரைத்தளத்துக்கு மேலே முழுக்க மரம். பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிச் செய்த சுவர்ப்பாளங்கள், ஒட்டி இறுக்கிய உத்தரங்கள். சிமெண்டும் இரும்பும் செய்யும்போது காற்றில் கரி ஏறுகிறது. மரம் தான் வளர்ந்த காலத்தில் இழுத்த கரியை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும். தெருவைப் பார்த்த தூண் வரிசைக்குப் பழைய ரயில் பாலங்களில் இருந்து எடுத்த அயர்ன்பார்க் கட்டைகள். படத்தில் பார்க்கும்போதே அந்தக் கட்டைகளின் கீறலும் ஆணித்துளையும் தெரிகின்றன. அழகுதான், இல்லேன்னு சொல்லலை. தாராமு ஹவுஸ் கூரையில் செடி வளர்த்து அதற்கு மேலே சோலார் தகடு வைத்திருக்கிறார்கள். செடி தகட்டைக் குளுமையாக வைத்திருப்பதால் மின்சாரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று பக்கத்துக் கட்டடத்தோடு ஒப்பிட்டு ஆராய்ச்சியும் செய்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் பெயர் 'பச்சை நட்சத்திரம்'. ஆஸ்திரேலியாவில் கட்டடங்களுக்குத் தரும் தரச்சான்று அது. உச்சம் ஆறு நட்சத்திரம். கோபுரங்கள் ஆறையும் வாங்கிவிட்டன. 2019இல் பாரங்காருவின் தென்பகுதி முழுதுமே கரிக்கணக்கில் நிகரம் பூச்சியம் என்று சான்று பெற்றது. மின்சாரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, கரி எவ்வளவு என்று எண்ணி எண்ணி எழுதிய கணக்கு அது. கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. முன்பு இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதற்காக ஒரு நட்சத்திரமும் குறையவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

*

பெயரில் இருந்து தொடங்குவோம். பாரங்காரு ஒரு பெண். துறைமுகத்தின் வடகரையைச் சேர்ந்த கேமரேகல் குலத்தவள். சிட்னித் துறைமுகத்தில் மீன்பிடி பெண்களின் தொழில். நாவி என்ற சின்னஞ்சிறு மரப்பட்டைத் தோணியில், களிமண் மேட்டில் நெருப்பு வைத்துக்கொண்டு, கிளிஞ்சல் தூண்டிலோடு கடலில் இருப்பார்கள். 1788இல் ஆங்கிலேயர் கப்பல் வந்தது. 1789இல் அம்மை வந்தது. பாதிப்பேர் செத்துப்போனார்கள் என்று அவள் கணவன் பென்னலாங் ஆளுநரிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1790இல் ஒருநாள் ஆங்கிலேயர் வலை வீசி ஏறத்தாழ 4000 மீன்களை அள்ளினார்கள். தூண்டில்காரிகளின் கடலில் அது எப்படிப்பட்ட அள்ளல் என்று நாம யோசிக்கணும்.

பாரங்காரு அடங்கிப் போனவள் இல்லை. ஆளுநர் வீட்டுக்கு வெள்ளைக்காரர் கொடுத்த உடுப்பை உடுத்திக்கொண்டு போக மறுத்தாள். அவள் மக்களின் மீன்பிடி சாமான்களைத் திருடிய ஒரு கைதிக்கு எல்லார் முன்னாலும் சவுக்கடி கொடுத்தார்கள். 'பாருங்கள், எங்கள் நீதி எப்படி' என்று அவர்களுக்குக் காட்டத்தான். அவள் கம்பை எடுத்துக்கொண்டு சவுக்கடித்தவனையே அடிக்கப் போனாள். இதை எழுதி வைத்தவர் அங்கே இருந்த ராணுவ அதிகாரி வாட்கின் டென்ச். தனக்கு நியாயம் என்று சொல்லி இன்னொரு உடம்பைக் கிழிப்பதை ஏற்காத பெண் அவள். 1791இல் குழந்தை பெற்ற சில நாட்களில் இறந்தாள். அவளுடைய மீன்பிடிக் கூடையோடு சேர்த்து எரித்தார்கள்.

2006இல் அரசு போட்டி வைத்துப் பெயர் கேட்டபோது இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தது. அவளோ வடகரைக்காரி. நிலம் இருப்பது தென்கரையில், கடிகல் மக்களின் நிலத்தில். போகட்டும், யார் நிலம் யார் பெயர் என்று பார்க்கிற பழக்கம் அந்த அரசுக்கு எப்போது இருந்தது? மரக் கட்டடத்துக்கு வைத்த தாராமு என்ற பெயருக்கு உள்ளூர்ப் பழங்குடி மொழியில் மரம் என்று பொருள். வடகோடிப் பூங்காவின் குடாவுக்கு நாவி என்று பெயர். தோணி, மரம், பெண் எல்லாம் பெயராக இருக்கின்றன. பெயரைக் கொடுப்பதும் நிலத்தைக் கொடுப்பதும் ஒன்றல்ல என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அண்ணல் பெயரில் தெருவும் நகரும் வைத்த ஊர்களில் பட்டா கேட்டு நடந்து செருப்பு தேய்ந்தவர்கள் இதை வாசிக்கிறீர்கள்.

*

அடுத்தது 1900. சிட்னியில் பிளேக் வந்தது. 303 பேருக்கு நோய், 103 பேர் சாவு. கப்பலில் வந்த எலியும் தெள்ளும் பரப்பிய நோய். துறைமுகத்தை ஒட்டிய மில்லர்ஸ் பாயின்ட், ராக்ஸ் பகுதித் தெருக்களை அடைத்தார்கள். அங்கே இருந்தவர்கள் கப்பல் கூலிகள், மாலுமிகள், அவர்களுடைய குடும்பங்கள். அரசு கரையையும் தெருக்களையும் மொத்தமாகக் கையகப்படுத்தியது. நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தது. 1901இல் துறைமுக அறக்கட்டளை ஒன்றை அமைத்துக் கரையை அதனிடம் ஒப்படைத்தது. அதன் முதல் தலைவர் ஹிக்சன். பாறையைக் குடைந்து போட்ட சாலை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

நோயைத் தடுக்க வேண்டாமா? தடுக்கத்தான் வேண்டும். ஆனால் எலி இருந்த கிட்டங்கிக்குச் சொந்தக்காரனை யாரும் அழுக்குப் பிடித்தவன் என்று சொல்லவில்லை. எலியோடு குடியிருக்க நேர்ந்தவன்தான் அழுக்கனானான். இடித்த பிறகு அறக்கட்டளை தொழிலாளர்களுக்கென்று வாடகை வீடுகளும் கட்டியது, அதையும் சொல்லணும். அந்த வீடுகளில் மூன்று நான்கு தலைமுறையாகத் துறைமுகக் குடும்பங்கள் வாழ்ந்தன. இந்த விஷயம் பின்னால் வேண்டியிருக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹிக்சன் சாலைக்கு இன்னொரு பெயர் உண்டு. தொழிலாளர்கள் வைத்த பெயர்: பசி மைல். 1930களின் பெருமந்தக் காலத்தில் விடிகாலையில் ஆயிரக்கணக்கான ஆட்கள் ஒரு கப்பல்துறை வாசலில் இருந்து அடுத்த வாசலுக்கு வேலை கேட்டு நடப்பார்கள். வாசலில் மேஸ்திரி நிற்பான். தோளும் தொடையும் பெருத்தவனைக் கைகாட்டி எடுப்பான். அப்படிப் பொறுக்குகிற முறைக்கே காளை முறை என்றுதான் பேர். சங்கத்தில் வாயடிக்கிறவன், வயசானவன், நோஞ்சான் எல்லாரும் அடுத்த வாசலுக்கு நடக்கணும். சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பது போல மனுசனைப் பார்த்த இடம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் சங்கம் போராடி அதை ஒழித்து முறைவைத்து வேலை கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. எர்னஸ்ட் ஆன்டனி என்ற கப்பல் கூலி 1930இல் அந்தத் தெருப் பெயரையே தலைப்பாக வைத்துக் கவிதை எழுதினார். இலக்கியம் எங்கே பிறக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், அந்த வாசலில்தான்.

இந்தச் சாலையோரத்தில்தான் 1841 முதல் எரிவாயு ஆலை ஓடியது. நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்து நகரத்துக்கு விளக்கு எரித்தார்கள். வெளிச்சம் நகரத்துக்குப் போனது, தார்க்கழிவு கரைக்கு அடியில் தங்கியது. ஆலையை 1921இல் மூடினார்கள். தார் நூறாண்டுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தது. அலுவலகம் கட்ட நிலம் தேவைப்பட்டபோது பெருஞ்செலவில் தோண்டிச் சுத்தம் செய்தார்கள். நல்லதுதான். அந்தத் தாருக்கு மேலேயே பல தலைமுறை மூட்டை தூக்கியதே, அப்போது ஏன் அவசரம் வரவில்லை? மண்ணின் அழுக்கு வங்கிக்காரன் வரும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

*

இப்போது 'பச்சை' என்ற சொல்லுக்கு வருவோம். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1970களின் தொடக்கத்தில் சிட்னியில் கட்டடக் கூலித் தொழிலாளர் சங்கம் ஒரு காரியம் செய்தது. படித்தவர் சங்கம் இல்லை அது. தோண்டுகிறவர், சுமக்கிறவர், சாரம் கட்டுகிறவர் சங்கம். ஜாக் மண்டே அதன் தலைவர்களில் ஒருவர். 1971இல் கெல்லிஸ் புஷ் என்ற சிறு காட்டை அழித்து வீடு கட்டக் கிளம்பினார்கள். அந்தப் பகுதிப் பெண்கள் சங்கத்திடம் வந்து கேட்டார்கள். 'நாங்கள் அங்கே மண்வெட்டியைத் தொடமாட்டோம்' என்று சங்கம் சொன்னது. பிறகு ராக்ஸ் பகுதி. பழைய தொழிலாளர் வீடுகளை இடித்து உயர்ந்த கோபுரங்கள் கட்டும் திட்டம். அதற்கும் மறுப்பு. சங்கங்கள் வேலை செய்ய மறுப்பதை அதுவரை 'கறுப்புத் தடை' என்பார்கள். மண்டே இதற்குப் 'பச்சைத் தடை' என்று பெயர் வைத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அந்தத் தடை விழுந்தது. ரெட்ஃபெர்னில் பழங்குடி மக்களின் வீடுகளுக்காகவும் அந்தச் சங்கம் நின்றது. ஜெர்மனியின் பசுமைக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெட்ரா கெல்லி சிட்னிக்கு வந்து இந்தப் போராட்டத்தைப் பார்த்த பிறகே அந்தச் சொல்லைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார் என்று சொல்வதுண்டு.

ஆக, கட்டடத்தோடு 'பச்சை' சேர்ந்த ஆரம்பகால நிகழ்வுகளில் ஒன்று ஒரு கூலித் தொழிலாளியின் 'மாட்டேன்'. கூலியை இழந்து, அடி வாங்கி, கைதாகிச் சொன்ன மாட்டேன். கட்டுகிறவனே கட்டடத்தை விமர்சித்த இடம் அது. உலகக் கட்டடக்கலை விமர்சனத்தில் இதைவிடப் பெரிய பக்கம் எனக்குத் தெரியவில்லை.

அதே காலம்தான், 1972 ஜனவரியில் கான்பெராவில் நாடாளுமன்றப் புல்வெளியில் பழங்குடி இளைஞர்கள் ஒரு கடற்கரைக் குடையை நட்டு 'இது எங்கள் தூதரகம்' என்றார்கள். சொந்த மண்ணில் அந்நியனாக இருப்பவனுக்குத் தூதரகம் வேண்டுமல்லவா? அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் வழியில் பிரிஸ்பேனில் பழங்குடிகள் ஓர் இயக்கம் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். 1972இல்தான் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கிளம்பினார்கள். ஒரே நெருப்பில் இரண்டு திசையில் பற்றிய திரி. அந்தக் கூடாரத் தூதரகத்துக்கு நட்சத்திரம் யாரும் கொடுக்கவில்லை.

பச்சைத் தடையின் பலனாக ராக்ஸ் பிழைத்தது. வெளியேற்றப்பட இருந்தவர்களுக்காக அரசு சிரியஸ் என்ற அடுக்குமாடியைக் கட்டியது. 79 வீடுகள். 1980 வாக்கில் மக்கள் குடியேறினார்கள். ஏழைகளும் முதியவர்களும் சன்னலைத் திறந்தால் துறைமுகப் பாலம். 'ஏழைக்கு எதுக்கு இந்தக் காட்சி?' என்ற முணுமுணுப்பு அதன்பின் ஓயவே இல்லை.

2014 மார்ச்சில் அந்த முணுமுணுப்பு அரசாணை ஆனது. மில்லர்ஸ் பாயின்டிலும் ராக்ஸிலும் உள்ள 293 அரசு வாடகை வீடுகளை விற்கப்போவதாக மாநில அரசு அறிவித்தது, சிரியஸும் சேர்த்து. சுமார் 400 பேர் போகணும். அவர்களில் பலர் முன்னால் சொன்ன துறைமுகக் குடும்பங்களின் வாரிசுகள். பழைய வீடுகளைப் பராமரிக்கச் செலவு அதிகம், விற்ற பணத்தில் வேறு இடத்தில் கூடுதல் வீடு கட்டுவோம் என்றது அரசு. பராமரிக்காமல் விட்டு வைத்ததே அதே அரசுதான். 2018இல் கடைசிக் குடியிருப்பாளரான மூதாட்டி சிரியஸை விட்டுப் போனார். 2019இல் கட்டடம் 15 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குத் தனியாரிடம் போனது. அதே 2019இல்தான் பாரங்காருவுக்குக் கரிப் பூச்சியச் சான்று. இரண்டுக்கும் நடுவில் நடந்தே போகிற தூரம்.

*

எதிர்வாதம் வரும். 'வீட்டை விற்றது அரசு. மரக் கட்டடம் வரைந்தவன் என்ன பாவம் செய்தான்? அலுவலகம் கட்டிய இடத்தில் யாருடைய வீடும் இல்லையே, காலிச் சிமெண்டுத் தரைதானே?' நியாயமான கேள்விதான். கட்டடக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ஆனால் கட்டடம் தன் மனைக்கோட்டுக்குள் முடிந்துபோவதில்லை. பக்கத்து நிலத்தின் விலையை அது தூக்குகிறது. வங்கியும் தணிக்கை நிறுவனமும் குடியேறிய கரையை ஒட்டி ஓர் ஓய்வுபெற்ற கப்பல் கூலியின் வாடகை வீடு 'வீணாகும் சொத்து' ஆகிவிடுகிறது. அதை எடுக்க ஒரு சவுக்குகூட வேண்டாம், ஒரு விலைப்பட்டியல் போதும்.

'காலி' என்ற சொல்லையும் பாருங்கள். 1788இல் மொத்த நாட்டையும் யாருக்கும் சொந்தமில்லாத நிலம்போல நடத்தித்தான் எடுத்தார்கள். அந்தச் சட்டக் கற்பனையை 1992இல் மாபோ வழக்கில் உயர்நீதிமன்றம் தள்ளியது. கப்பல் வேலை பாட்டனி விரிகுடாவுக்குப் போன பிறகு இந்தக் கரையும் 'காலி' ஆனது. காலி என்று சொன்ன பிறகுதான் நிரப்ப முடியும்.

இன்டர்நேஷனல் ஹவுஸின் மரப்பாளங்கள் ஆஸ்திரியாவில் செய்து கப்பலில் வந்தவை. மரம் வந்தது தவறில்லை, ஒரு கட்டடத்தின் கரிக்கணக்கில் அதற்கும் சேர்த்துத்தான் எழுதியிருப்பார்கள். எனக்கு உறுத்துவது வேறு. கப்பலில் வந்த மரத்தால் எழுந்த கட்டடம், கப்பலில் சரக்கு இறக்கியவன் இல்லாத கரையில் நிற்கிறது. பழைய ரயில் பாலத்துக் கட்டைக்கு வாசலில் மரியாதையான இடம் கிடைத்திருக்கிறது. தேய்ந்துபோன கட்டையை மறுபடி பயன்படுத்தத் தெரிகிறது. தேய்ந்துபோன மனுசனை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. வடக்கே 2015இல் திறந்த பூங்காவில் அந்த நிலத்திலேயே வெட்டிய 10,000 மணற்கற்களை அடுக்கிப் பழைய முனை போலவே ஒரு கரையைச் செய்து, 75,000 நாட்டுச் செடிகளை நட்டிருக்கிறார்கள். நாட்டுச் செடி திரும்பிவிட்டது. கல் திரும்பிவிட்டது. ஹிக்சன் சாலையின் ஒரு பகுதிக்குப் பசி மைல் என்று அரசே பெயர்ப்பலகை வைத்துவிட்டது. பசித்தவன் மட்டும் திரும்பவில்லை.

பச்சை நட்சத்திரத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. சூடேறும் பூமியில் முதலில் வேகப்போவது குடிசையில் இருப்பவன்தான். கரி குறைய வேண்டும், தண்ணீர் மிச்சமாக வேண்டும். நமக்கு அதில் பங்கு இருக்கிறது, அதனால் கேள்வி கேட்கவும் பங்கு இருக்கிறது. பச்சைத் தடை கட்டுவதற்கு முன்னால் வந்தது. யாருக்காக, யாரை எடுத்துவிட்டு என்று கேட்டது. பச்சை நட்சத்திரம் கட்டிடத் தீர்மானித்த பிறகு வருகிறது. எத்தனை யூனிட், எத்தனை லிட்டர் என்று கேட்கிறது. முதல் கேள்வியை எடுத்துவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டதுதான் இந்த ஐம்பது ஆண்டில் அந்தச் சொல்லுக்கு நடந்தது. பாரங்காருவுக்கும் அதேதான் நடந்திருக்கிறது. பெயரை எடுத்துக்கொண்டார்கள். கையில் இருந்த கம்பை விட்டுவிட்டார்கள்.

நம்ம ஊர் ஆற்றங்கரையிலும் கழிமுகத்திலும் நாளைக்கு ஒரு பசுமைக் கட்டடத்துக்குப் பூமிபூசை போடுவார்கள். போடுவதற்கு முன்னால் போய் அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள் தோழர்களே. சான்றிதழை நீட்டினால் வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு, கட்டப்போகிற சித்தாளின் பெயர் அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.